மூளைக்கும் மனநிலைக்கும் ஏற்றபடி அன்றாடச் சாப்பாட்டை அமைத்துக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

1918-ஆம் ஆண்டு குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஒரே ஓர் அறையில், ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் ஓர் ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார். அதன் பெயரே பெரிபெரி விசாரணைப் பிரிவு. கால் மரத்து, நடை தளர்ந்து, சிலருக்கு இதயமும் பலவீனப்பட்டு உயிரையே கொண்டுபோன அந்த நோய், இயந்திரத்தில் வெள்ளைவெளேரென்று தீட்டிய அரிசியையே நம்பி வாழ்ந்தவர்களிடம் அதிகம் காணப்பட்டது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஜாவா தீவில் கிறிஸ்டியான் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகள் கால் விளங்காமல் விழுவதையும், தவிடு நீக்காத அரிசியைக் கொடுத்ததும் அவை தேறி எழுவதையும் கண்டிருந்தார். தவிட்டோடு போய்விடும் தயமின் என்ற பி1 வைட்டமின் இல்லாவிட்டால், நரம்பு செல்களால் குளுக்கோஸை ஆற்றலாக மாற்ற முடியாது. நெல்லை அவித்துக் காயவைத்து அரைக்கும் புழுங்கல் முறையில் அந்தச் சத்தில் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கித் தங்கிவிடுவதால், புழுங்கலரிசி உண்டவர்களிடம் அந்த நோய் குறைவாகவே இருந்தது. குன்னூரின் அந்த ஒற்றை அறைதான் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

உலையில் கொதிக்கும் அரிசிக்கும் நரம்புக்கும் இவ்வளவு நெருங்கிய உறவு உண்டென்பது நூறாண்டுகளுக்கு முன்பே தெரிந்த செய்தி. ஆனால் இன்று மனநிலைக்கு எது நல்லது என்று தேடுபவருக்குக் கிடைப்பதோ வாழைப்பழம், டார்க் சாக்லேட், பாதாம், அவகாடோ என்ற ஒரு பட்டியல்தான். அந்தப் பட்டியலை நான் நம்புவதில்லை. இரும்புச்சத்து குறைந்த உடம்பில் தினம் பத்து பாதாம் தின்றாலும் சோர்வு போகாது. புதிதாக ஒன்றை வாங்கிச் சேர்ப்பதைவிட, உடம்பில் எது குறைகிறது என்று கண்டுபிடிப்பதும், ஏற்கெனவே தட்டில் இருப்பதன் அளவையும் வரிசையையும் நேரத்தையும் மாற்றுவதும்தான் பெரும்பாலானவர்களுக்குப் பயன் தரும். இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே செல்கிறது.

முதலில், மூளை தன் ரசாயனங்களை எப்படிச் செய்கிறது

மூளையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம். ஆனால் நாம் சும்மா இருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. பெரியவர் ஒருவரின் மூளைக்கு நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் வேண்டும். இது எரிபொருள் கணக்கு. இதைத் தவிர, ஒரு நரம்பு செல் இன்னொன்றோடு பேசுவதற்கான கடத்திகளையும் மூளை தானே செய்துகொள்கிறது. அவற்றில் பலவற்றுக்கான மூலப்பொருள் சாப்பாட்டிலிருந்து வருகிறது.

மன அமைதி, உறக்கம், பசி ஆகியவற்றோடு தொடர்புடைய செரோடோனின், டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து, அதாவது புரதத்தின் கட்டுமானத் துண்டுகளில் ஒன்றிலிருந்து, உருவாகிறது. டிரிப்டோஃபானை நம் உடம்பால் உற்பத்தி செய்ய இயலாது. பருப்பு, பால், முட்டை, மீன், இறைச்சி, எள், கடலை ஆகியவற்றின் புரதத்திலிருந்தே அது கிடைக்க வேண்டும். ஊக்கம், கவனம், ஒரு வேலையைத் தொடங்கும் முனைப்பு ஆகியவற்றில் பங்குள்ள டோபமைன், டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து உருவாகிறது. இந்த இரண்டு உற்பத்தியிலும் முதல் கட்டத்துக்கு இரும்பும் அடுத்த கட்டத்துக்கு பி6 வைட்டமினும் தேவைப்படுகின்றன. டோபமைன் நார்அட்ரீனலினாக மாறும்போது வைட்டமின் சி-யும் தாமிரமும் வேண்டும். ஃபோலேட், பி12 என்ற பி வைட்டமின்கள் குறைந்தால் இந்தத் தொழிற்சாலையின் வேறு பல இணைப்புகள் தளர்கின்றன.

இங்கே ஒரு தடை உண்டு, அதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு காவல் சுவர் இருக்கிறது. வாழைப்பழத்தில் செரோடோனின் இருப்பது உண்மைதான்; ஆனால் அந்தச் செரோடோனின் இந்தச் சுவரைத் தாண்டாது. உடம்பின் மொத்தச் செரோடோனினில் ஏறத்தாழ 90 சதவீதம் குடலில்தான் உற்பத்தியாகிறது, அதுவும் தாண்டாது. டிரிப்டோஃபான் தாண்டும், ஆனால் தனி வழி அதற்கு இல்லை. லியூசின், ஐசோலியூசின், வேலின், டைரோசின், ஃபினைல்அலனின் ஆகிய மற்ற அமினோ அமிலங்களும் அதே வாசலில்தான் முண்டியடிக்கின்றன. இவற்றுள் டிரிப்டோஃபான் எப்போதும் சிறுபான்மை. ஜான் ஃபெர்ன்ஸ்ட்ராம், ரிச்சர்ட் வர்ட்மன் என்ற இருவரும் 1971-ல் எலிகளிடம் காட்டியது இதைத்தான்: மாவுச்சத்து மட்டும் உண்டபோது இன்சுலின் சுரந்து, போட்டியாளர்களைத் தசைகளுக்குள் தள்ளிவிட, வாசலில் டிரிப்டோஃபானுக்கு இடம் கிடைத்து, மூளையில் செரோடோனின் கூடியது. வெறும் இனிப்பையோ மாவுப்பண்டத்தையோ தின்றபின் சற்று நேரம் மனம் இளகுவதற்கு இது ஒரு விளக்கம். ஆனால் உணவில் கொஞ்சம் புரதம் சேர்ந்தாலே இந்த விளைவு மங்கிவிடும் என்பதால், சாம்பாரும் தயிரும் சேர்ந்த நம் சாப்பாட்டில் அதை அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது.

இந்த வாசல் வெறும் பாடப்புத்தகச் செய்தியாகத் தோன்றினால், பார்க்கின்சன் நோயாளி உள்ள வீட்டில் கேட்டுப் பாருங்கள். அந்த நோய்க்குத் தரப்படும் லெவோடோபா மாத்திரையும் இதே வழியாகத்தான் குடலையும் மூளைச் சுவரையும் கடக்கிறது. அதனால் புரதம் மிகுந்த சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கினால், சிலருக்கு மாத்திரை சரியாக வேலை செய்வதில்லை. மருத்துவர்கள் நேரம் பிரித்துக் கொடுப்பது இதற்காகத்தான். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் பூனைக்காலி விதையில் இருப்பதும் இதே லெவோடோபாதான். ஆகவே டோபமைனைக் கூட்டும் மூலிகை என்று எண்ணி அதை யாரும் தாமாக எடுக்க வேண்டாம்.

படி 1: இரண்டு வாரம் எழுதுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன், ஒரு நோட்டில் பதினான்கு நாள் குறியுங்கள்: என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, காபி டீ எப்போது, எத்தனை மணிக்குத் தூங்கினேன், சோர்வோ எரிச்சலோ எப்போது வந்தது. “செவ்வாய். காலை 10.30-க்கு இரண்டு இட்லி. 1.45-க்குச் சாதம், வத்தக்குழம்பு, அப்பளம். 3.10-க்குக் கண் செருகியது. 4-க்கு டீ, நான்கு பிஸ்கட். 6 மணிக்குப் பிள்ளையிடம் கத்தினேன்” என்பது போல நேர்மையாக இருக்க வேண்டும். மாதவிடாய் நாட்களையும் குறித்துக்கொள்வது நல்லது. இரண்டாவது வாரத்தில் ஒரு வடிவம் தானாகவே கண்ணில் படும்.

படி 2: ரத்தப் பரிசோதனை

பலர் இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேராகச் சத்துமாவுக்கும் மாத்திரைக்கும் போகிறார்கள். நீண்ட நாள் சோர்வு, மூளை மந்தம், காரணமில்லாத எரிச்சல் ஆகியவற்றோடு வருபவருக்கு ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, தைராய்டு, வைட்டமின் டி, ரத்தச் சர்க்கரை ஆகியவற்றைப் பார்க்கலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

இரும்பை முதலில் சொல்லக் காரணம் உண்டு. 2019–21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் குறைந்தால் ரத்தசோகை என்பது கணக்கு. ஆனால் ஹீமோகுளோபின் இறங்குவதற்கு வெகு முன்பே உடம்பின் இரும்புச் சேமிப்பு வற்றத் தொடங்கிவிடும், அதைக் காட்டுவது ஃபெரிட்டின். இரும்பு இல்லாமல் டோபமைன் உற்பத்தியின் முதல் கட்டமே நடக்காது என்று மேலே பார்த்தோம். பெண்களின் சோர்வைச் சோம்பேறித்தனம் என்று பேசும் வீடுகளில் இந்த ஒரு செய்தியாவது போய்ச் சேர வேண்டும் என்பது என் ஆசை.

என் அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 8.9 இருந்தது. மூன்று மாதம் இரும்பு மாத்திரை சாப்பிட்டும் எண் அசையவில்லை. ஒரு நாள் காலை சமையலறை வாசலில் நின்று பார்த்தபோதுதான் விளங்கியது. மாத்திரையை நாக்கில் வைத்து, ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டு, அந்த இரும்புக் கசப்பு போவதற்காக உடனே டபராவில் ஆறிக்கொண்டிருந்த காபியை எடுத்தார். காபியிலும் டீயிலும் உள்ள பாலிஃபீனால்கள் குடலிலேயே இரும்பைப் பிடித்துக்கொள்ளும். பாலில் உள்ள கால்சியமும் தன் பங்குக்குத் தடுக்கும். மாத்திரை எழுதிக்கொடுத்த இடத்தில் யாரும் இதைக் கேட்கவில்லை, எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. மாத்திரையைக் காலை 11 மணிக்கு எலுமிச்சைச் சாற்றோடு மாற்றினோம். அடுத்த மூன்று மாதத்தில் 11.4 ஆனது. அதைவிட, மாலையில் படுத்துவிடும் வழக்கம் நின்று, பழையபடி கோயிலுக்கு நடந்து போகத் தொடங்கினார்.

பி12 இயற்கையாகக் கிடைப்பது விலங்கு உணவுகளில்தான். அசைவம் சாப்பிடாதவர்களுக்குப் பாலும் தயிருமே முக்கிய வழி; அவற்றையும் குறைத்துக்கொண்டால் குறைபாடு வர வாய்ப்பு அதிகம். இட்லி மாவும் பழைய சோறும் புளிப்பதால் பி12 கிடைத்துவிடும் என்று நம்பி இருக்க முடியாது. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் பல ஆண்டுகளாக எடுப்பவர்களுக்கும் பி12 குறையலாம். கல்லீரல் சில ஆண்டுகளுக்குத் தேவையானதைச் சேமித்து வைத்திருப்பதால் குறைபாடு மெதுவாகவே தெரியும்: உள்ளங்கால் எரிச்சல், விரல் மதமதப்பு, பெயர் மறப்பது, இனம்புரியாத மனவாட்டம். நரம்புப் பாதிப்பு நீடித்தால் முழுதாகத் திரும்பாமல் போகலாம் என்பதால், தள்ளிப்போடக் கூடாத பரிசோதனை இது.

படி 3: காலை உணவில் புரதம்

ஓர் இட்லியில் சுமார் 2 கிராம் புரதம் இருக்கும். மூன்று இட்லியும் தேங்காய்ச் சட்னியும் என்றால் மொத்தம் 6 அல்லது 7 கிராம்தான். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 50 கிராம் வேண்டும். அதில் ஏழில் ஒரு பங்கைக் காலையில் எடுத்தால், மீதியை நம் மதியச் சாப்பாடு ஈடுகட்டுவதில்லை. இட்லியை விட வேண்டியதில்லை. சட்னிக்குப் பதில் பருப்பு அதிகம் போட்ட கெட்டிச் சாம்பார், கூட ஒரு முட்டை அல்லது ஒரு கிண்ணம் வேகவைத்த பாசிப்பயறு. அல்லது தோசைக்குப் பதில் அடையோ பெசரட்டோ. உப்புமா, அவல் நாட்களில் வறுத்த வேர்க்கடலையைத் தாராளமாகச் சேர்த்து, ஒரு கிண்ணம் தயிரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். காலை பத்தரை மணிப் பசியும் நடுக்கமும் பெரும்பாலும் ஒரு வாரத்திலேயே குறையும்.

படி 4: மதியத் தட்டின் அளவும் வரிசையும்

நம் சாப்பாட்டு முறையைச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். சாம்பார் சாதம், ரசம் சாதம், தயிர் சாதம் என்று மூன்று சுற்று, மூன்றிலும் சோறு. காய்கறிக்கு நாம் வைத்திருக்கும் பெயரே ‘தொட்டுக்கொள்ள’. அந்தச் சொல்லில் காயின் இடம் எவ்வளவு என்பது அடங்கியிருக்கிறது: ஒரு கரண்டி பொரியல், அதையும் மூன்று சுற்றுக்கும் வருமாறு பங்கிட்டுத் தொட்டுக்கொள்வோம்.

தீட்டிய அரிசிச் சோறு பெருமளவு ஒரே நேரத்தில் இறங்கும்போது ரத்தச் சர்க்கரை வேகமாக ஏறி, அதற்கேற்ப இன்சுலின் சுரந்து, சிலருக்கு இரண்டு மூன்று மணி நேரத்தில் சர்க்கரை வழக்கத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அந்த இறக்கத்தில் வருவதுதான் கண் செருகலும், கவனச் சிதறலும், உடனே இனிப்பு வேண்டும் என்ற தவிப்பும். மதியத்தில் இயல்பாகவே உடலின் கடிகாரம் சற்று மந்தமாகும். சோறு அதைப் பெரிதாக்குகிறது.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டு நெறிகள், தட்டில் பாதியைக் காய்கறிகளும் பழங்களும் கீரையும் நிரப்ப வேண்டும் என்கின்றன. தானியத்திலிருந்து வரும் ஆற்றல் 45 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. இதை நம் வழக்கத்துக்கு மொழிபெயர்த்தால் இப்படி வரும். சோறு வைப்பதற்கு முன்பே ஒரு கிண்ணம் கூட்டையோ பொரியலையோ தனியாகச் சாப்பிட்டு முடியுங்கள். அதன்பின் சுண்டல், முட்டை, மீன், பருப்பு ஆகியவற்றில் ஒன்று. சோறு கடைசியில், மூன்று சுற்றுக்குப் பதில் இரண்டாக. காயும் புரதமும் முதலில் போனால், அதே அளவு சோற்றுக்கும் சர்க்கரை ஏற்றம் குறைவாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செலவில்லாத மாற்றம் என்பதால் எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். ரசத்தைச் சோற்றில் ஊற்றாமல் டம்ளரில் குடித்துவிடலாம். சாப்பிட்டு எழுந்ததும் பத்து அல்லது பதினைந்து நிமிடம் நடந்தால், தசைகளே சர்க்கரையின் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும்.

முருங்கைக்கீரைப் பொரியல் வைக்கும் நாளில் எலுமிச்சை பிழியவோ, ஒரு நெல்லிக்காய் கடித்துக்கொள்ளவோ மறக்க வேண்டாம். தாவர உணவில் உள்ள இரும்பு எளிதில் உடம்பில் சேராது. வைட்டமின் சி உடன் இருந்தால் கூடுதலாகச் சேரும்.

படி 5: காபி, டீ

விழித்திருக்கும் நேரம் முழுவதும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வந்து, தூங்கு என்று அழுத்துகிறது. காஃபீன் அந்த அடினோசின் உட்காரும் இடங்களில் தான் உட்கார்ந்துகொள்கிறது. சோர்வு தீரவில்லை, அதன் குரல் மட்டும் கேட்காமல் போகிறது; காஃபீன் விலகியதும் சேர்ந்திருந்த அடினோசின் மொத்தமாக வந்து இறங்கும். குடித்த காஃபீனில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரமாகும். மாலை 6 மணிக்குக் குடித்த டிகாக்‌ஷன் காபியின் பாதி, இரவு 11 மணிக்கும் ரத்தத்தில் இருக்கும் என்று பொருள். தூக்கம் வந்துவிடுகிறதே என்பார்கள்; வரும், ஆனால் ஆழம் குறைந்திருக்கும்.

அதே 2024 வழிகாட்டு நெறிகளின்படி 150 மில்லி ஃபில்டர் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம், உடனடிக் காபியில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65 மில்லிகிராம் காஃபீன் இருக்கிறது. நாளொன்றுக்கு 300-ஐத் தாண்டக் கூடாது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் தவிர்க்க வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. நடைமுறையில், காலையில் ஒன்று, முற்பகலில் ஒன்று, பிற்பகல் 2 மணிக்குமேல் எதுவுமில்லை என்று வைத்துக்கொள்ளலாம். திடீரென்று நிறுத்தினால் ஓரிரு நாளில் தலைவலி வரும், ஆகவே வாரத்துக்கு அரை டம்ளராகக் குறையுங்கள். பல நாள் டீ வேண்டும் என்ற அந்தத் தவிப்பு வெறும் தாகமாகவும் இருக்கும். வெயில் காலத்தில் உடல் நீரில் சிறிது குறைந்தாலே கவனமும் மனநிலையும் சரியும் என்பதால், மூன்று மணிக்கு டீக்குப் பதில் ஒரு சொம்பு நீர்மோர் குடித்துப் பாருங்கள்.

படி 6: மீனும் குடலும்

மூளை செல்களின் சவ்வில் டிஹெச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு நிறைந்திருக்கிறது. அதற்கு விலை உயர்ந்த வஞ்சிரம் வேண்டாம். மத்தி, அயிலை, நெத்திலி ஆகிய மலிவான மீன்களே போதும், வாரம் இரண்டு நாள், பொரிப்பதைவிடக் குழம்பாக. சைவர்களுக்கு ஆளிவிதையும் அக்ரூட்டும் உண்டு, ஆனால் அவற்றிலுள்ள ஒமேகா-3, டிஹெச்ஏ-வாக மாறுவது மிகக் குறைவு.

குடல் நுண்ணுயிர்களுக்கும் மனநிலைக்கும் தொடர்பு உண்டென்று இப்போது அதிகம் பேசப்படுகிறது. வேகஸ் நரம்பு குடலையும் மூளையையும் இணைப்பதும், நார்ச்சத்தைப் புளிக்கவைத்து நுண்ணுயிர்கள் செய்யும் அமிலங்கள் உடம்புக்கு நன்மை செய்வதும் உண்மை. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் இன்னும் சிறியவை என்பதால் விலை உயர்ந்த புரோபயாடிக் மாத்திரைகளுக்குப் பணம் செலவழிக்கச் சொல்ல மாட்டேன். சின்ன வெங்காயத்தோடு பழைய சோறும், தயிரும், பயறும், கீரையும் போதுமானவை.

படி 7: மாலையும் இரவும்

மாலைப் பசிக்கு முன்கூட்டியே ஏதாவது எடுத்துவைக்காதவர் பஜ்ஜிக் கடைக்குத்தான் போவார். காலையிலேயே ஊறவைத்த கொண்டைக்கடலையைச் சுண்டலாக்கி டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். இரவு உணவு படுக்கைக்கு இரண்டு மணி நேரம் முன்பு, எளிமையாக. மது உறக்கம் தரும் என்று எண்ணுபவர்கள், பின்னிரவில் அது உறக்கத்தைக் கலைப்பதைத் தங்கள் நோட்டிலேயே காணலாம்.

சாப்பாட்டைக் குறைப்பதன் ஆபத்தும், சாப்பாட்டின் எல்லையும்

இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில், அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்ற அறிஞர், உடல்நலம் மிக்க 36 இளைஞர்களுக்கு 24 வாரம் நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி மட்டும் கொடுத்துப் பார்த்தார். அவர்கள் மெலிந்ததோடு நிற்கவில்லை; வாடினார்கள், எரிந்து விழுந்தார்கள், நண்பர்களையும் படிப்பையும் விட்டு விலகினார்கள், எந்நேரமும் சாப்பாட்டையே நினைத்தார்கள். எடை குறைக்க வேண்டுமென்று அரைவயிறாக இருப்பவரும், எல்லாருக்கும் பரிமாறிவிட்டு மிஞ்சியதைக் கடைசியில் சாப்பிடும் இல்லத்தரசியும் தங்கள் கோபத்துக்குத் தங்கள் குணத்தைக் குற்றம் சொல்லும் முன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதே நேரம், மனச்சோர்வு நோய்க்குச் சாப்பாடு மட்டுமே மருந்தாகாது. ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா குழுவினர் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வுள்ள 67 பேரில் ஒரு பகுதியினருக்கு 12 வாரம் உணவு ஆலோசனையும், மற்றவர்களுக்குப் பேச்சுத்துணையும் தரப்பட்டன. முழுத் தானியம், பயறு, காய், பழம், மீன், ஆலிவ் எண்ணெய் என்று உணவை மாற்றியவர்களில் சுமார் 32 சதவீதம் பேரும், மற்றவர்களில் 8 சதவீதம் பேரும் நோயிலிருந்து மீண்டனர். நம்பிக்கை தரும் முடிவு. ஆனால் சிறிய ஆய்வு, பலர் ஏற்கெனவே சிகிச்சையிலும் இருந்தவர்கள். மனநல மாத்திரை எடுப்பவர்கள் உணவு மாற்றத்தைக் காரணம் காட்டி அதை நிறுத்தவே கூடாது. இரண்டு வாரத்துக்குமேல் எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தாலோ, வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தாலோ, அன்றே மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ல் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

மாற்றங்களை ஒரே நாளில் செய்யாமல், வாரத்துக்கு ஒன்றாகச் செய்து நோட்டில் தொடர்ந்து எழுதுங்கள். அப்போதுதான் எது உதவியது என்று தெரியும். வரிசை மாற்றத்தின் பலன் சில நாட்களிலும், காபி மாற்றத்தின் பலன் இரண்டு வாரத்திலும் தெரியும். ஹீமோகுளோபின் ஏறச் சில வாரங்களும், இரும்புச் சேமிப்பு நிரம்ப அதன்பின் இன்னும் சில மாதங்களும் ஆகும். எண் சரியானதும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், மூன்றாம் மாத முடிவில் ஃபெரிட்டினையும் சேர்த்து மறுபடி பார்த்துவிட்டு, அந்தத் தாளோடு மருத்துவரிடம் செல்லுங்கள்.